அயன் படித்திறனும் கலங்களின் இயக்கமும்

உயிர்க்கலத்தின் அசைவுக்கு வேண்டிய சத்தி உணவிலிருந்தே கிடைக்கிறது என்பதை யாவரும் அறிவர். அச்சத்தி எவ்வடிவில் தேக்கப்பட்டு அசைவாக மாறுகிறது என்பதே நாம் இங்கு ஆராயும் வினாவாகும்.

சத்தி கைமாறுவது இரசாயனப் பொருள்கள் வாயிலாக மட்டுமே என ஆய்வாளர் நெடுங்காலம் நம்பினர். 1961 இல் பிரித்தானியரான பீற்றர் மிச்செல் இதனை மறுத்தார். உணவு ஒட்சியேற்றப்படும்போது புரோத்தன்கள் மென்சவ்வின் ஒரு புறத்துக்கு வெளியேற்றப்படுகின்றன; இதனால் தோன்றும் செறிவு வேறுபாடும் மின்னழுத்த வேறுபாடும் இணைந்த படித்திறனே சத்தியின் தேக்கம் என்றார். அணைகட்டித் தேக்கிய குளத்து நீரை இதற்கு உவமை கூறலாம். ஆயின் நீருக்கு உயர வேறுபாடு ஒன்றே உண்டு. அயனுக்கோ செறிவு, ஏற்றம் என இரண்டு உண்டு. கடும் எதிர்ப்பைச் சந்தித்த இக்கோட்பாட்டுக்காக 1978 இல் அவருக்கு இரசாயனவியல் நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்குத் தெளிவான சான்றொன்றைப் பற்றீரியாவின் சவுக்குமுளை தருகின்றது. அது சாட்டைபோல் அடிப்பதன்று, சில்லுப்போல் சுழல்வது என்பது 1970களின் முற்பகுதியில் நிறுவப்பட்டது. 1977 இல் வெளியான ஆய்வொன்றில், பட்டினியால் அசைவற்றிருந்த ஸ்ரெப்ரோகொக்கசுப் பற்றீரியாக்களைச் சூழ்ந்த ஊடகத்தின் அமிலத்தன்மை சடுதியாகக் கூட்டப்பட்டது. உணவு எதுவும் வழங்கப்படாதபோதும் அவை நீந்தின. படித்திறன் தணிந்ததும் நின்றன. சவுக்குமுளையைச் சுழற்றியது உணவன்று, புரோத்தன்களின் உட்பாய்ச்சலே என்பது இதனாற் புலனாயிற்று. சில கடற்பற்றீரியாக்கள் புரோத்தனுக்குப் பதிலாகச் சோடியம் அயனைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் ஒன்றின் சவுக்குமுளை செக்கனுக்கு 1700 முறை வரை சுழல்வதாக 1994 இல் அளவிடப்பட்டது.

இத்தத்துவத்தை மனிதரும் கையாளத் தலைப்பட்டுள்ளனர். 2022 இல் நெதர்லாந்தின் டெல்வ்ற் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர், நுண்டுளையொன்றின் மீது டி.என்.ஏ. இழைகளாலான சுழலியொன்றை அமைத்தனர். சவ்வின் இருபுறத்தும் உப்புச் செறிவை வேறுபடுத்தியபோதும் மின்னழுத்தத்தைப் பிரயோகித்தபோதும் அது ஒரே திசையில் தொடர்ந்து சுழன்றது.

எனினும் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடொன்று உண்டு. இச்சுழலிக்கு வேண்டிய படித்திறனைப் புறத்தேயிருந்து பிறர் வழங்கவேண்டும். கலமோ தன் படித்திறனைத் தானே இடையறாது ஆக்கிக்கொள்கிறது. இருபுறமும் சமநிலை எய்துமாயின் இயக்கம் நின்றுவிடும். அச்சமநிலை வாராது தடுக்கும் ஓயாத உழைப்பையே நாம் உயிர்வாழ்தல் என்கிறோம்.