கண் எட்டாத இடத்துப் பூட்டு

இரு சக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று கூறும் சட்டம், அதைத் தலைமேல் வைத்துக்கொண்டாலே போதும் என்று கூறவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தன் 129ஆம் பிரிவில், வாராலோ வேறு பிணைப்பாலோ தலையோடு உறுதியாகப் பொருத்தப்பட்டதையே பாதுகாப்புத் தலைக்கவசம் என வரையறுக்கிறது. ஆகவே வாரைப் பூட்டாமல் அணிந்த கவசம், சட்டத்தைப் பொறுத்தவரை கவசமே அன்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இந்த விதி கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் மீறுவோருக்கு 1,000 ரூபாய் அபராதத்தையும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பையும் விதித்தது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசங்களின் விற்பனையும் தடைசெய்யப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் காரைக்குடியின் செக்காலைச் சாலையிலோ கல்லுக்கட்டிப் பகுதியிலோ சிறிது நேரம் வாகனங்களைக் கவனிப்பவருக்கு, கவசம் தலையில் இருக்க, அதன் வார் கன்னத்தின் இருபுறமும் தொங்கிக்கொண்டிருக்கும் காட்சி அரிதன்று. இதற்கு அலட்சியம் ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் வாரைப் பூட்டும் பொறி கைக்கு எவ்வளவு எளிதாக அமைந்திருக்கிறது என்பதும் அதற்கு நிகரான காரணமாகும்.

பக்கிள் எனப் பொதுவாக வழங்கும் வார்ப்பூட்டு, ஒரு பட்டையின் இரு முனைகளை இணைத்து, இழுப்பைத் தாங்கி, வேண்டும்போது விடுவிக்கும் சிறு பொறியாகும். இடுப்பில் அணியும் பெல்ட்டின் பூட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே மாட்டலாம். தலைக்கவசத்தின் பூட்டோ தாடைக்கு அடியில் இருப்பதால், அணிபவர் அதைக் கண்ணாடியின் துணையின்றி ஒருபோதும் காண முடியாது. கண் செய்ய வேண்டிய வேலையை விரல்நுனியும் காதும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே இப்பூட்டின் வடிவமைப்பில் உள்ள முதன்மையான சிக்கல்.

இச்சிக்கல் காரைக்குடி அடங்கிய செட்டிநாட்டுக்குப் புதியதன்று. நகைகளுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில், பிடரியிலும் காதின் பின்புறத்திலும் பூட்டப்படும் அணிகள் அனைத்தும் கண் எட்டாத இடத்துப் பூட்டுகளையே கொண்டவை; அவற்றுக்குப் பொற்கொல்லர்கள் கண்ட விடைகள் மூன்று வகைப்படும். இவ்வட்டாரத்து வணிகச் சமூகமான நகரத்தாரின் திருமணத்தில் திருப்பூட்டும்போது அணிவிக்கப்படும் கழுத்திரு, பொன் உருக்களை மஞ்சள் பூசிய நூலில் கோத்து அமைக்கப்படுவது. நூலின் பிணைப்பு முறுக்கையும் முடிச்சையும் நம்பியிருக்கிறது, அதை நாள்தோறும் கழற்றி மாட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஒட்டியாணமும் தோடும் திருகாணியை நம்பியவை: தோட்டின் தண்டில் சுரையைத் திருகுவதும், ஒட்டியாணத்தின் இரு முனைகளைப் பொருத்தித் திருகாணியைச் செலுத்துவதும் ஒரே கொள்கையின் இரு வடிவங்கள். அன்றாடம் அணியும் சங்கிலிக்கோ ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்த கொக்கி போதுமானதாக இருக்கிறது.

மூன்றில் எதைத் தேர்வது என்பதை உலோகத்தின் தன்மையும் தீர்மானிக்கிறது. நூற்றுக்கு 91.6 பங்கு பொன் கொண்ட 22 காரட் தங்கம் மென்மையானது. வளைத்தால் வளைந்தபடியே நிற்குமேயன்றி, பழைய நிலைக்கு வில்போல மீள்வதில்லை. ஆகவே மீள்திறனை நம்பிய கொக்கி, பலமுறை திறந்து மூடப்பட்டபின் வாய் விரிந்துபோகிறது. சங்கிலி தொலைவதற்கு இதுவும் ஒரு காரணம். திருகாணிக்கு மீள்திறன் தேவையில்லை, சாய்ந்த வரிகளின் உராய்வே அதைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மென்மையான பொன்னுக்கு அது பொருந்தி வருகிறது. ஆனால் தண்டின் முனையையும் சுரையின் துளையையும் நேர்கோட்டில் கொண்டுவந்து பல சுற்றுகள் திருகுவதற்கு இரண்டு கைகளும் பொறுமையும் வேண்டும். எளிதாக மாட்டக்கூடியது எளிதாக நழுவிவிடக்கூடும், நழுவாதது மாட்டுவதற்குக் கடினமாக இருக்கும் என்னும் இந்த இழுபறிதான் தலைக்கவசப் பூட்டை வடிவமைப்பவர் முன்னும் நிற்கிறது.

இதைத் தீர்க்கும் வழிகளுள் பழமையானது, பிடிக்கும் வேலையை இழுப்பிடமே ஒப்படைப்பது. ரோமானியப் படைவீரர்களின் இடைவாரிலிருந்து இன்றைய பள்ளி மாணவரின் பெல்ட் வரை தொடரும் முள் பூட்டில், சட்டத்தில் பொருத்திய முள் வாரின் துளைக்குள் நுழைகிறது. வாரை இழுக்க இழுக்க முள் சட்டத்தின் விளிம்பில் மேலும் அழுந்துவதால், அதைப் பூட்டிவைக்கத் தனி விசை தேவைப்படுவதில்லை. இழுப்பைச் சற்றுத் தளர்த்தினால் மட்டுமே முள்ளை எடுக்க முடியும் என்பதே அதன் காவல். துளையைக் கண்ணால் தேடி முள்ளை அதில் செலுத்த வேண்டும் என்பது அதன் குறை. தாடைக்கு அடியில் இது எளிதன்று.

துளையும் முள்ளும் இல்லாமல் உராய்வைக் கொண்டே வாரைப் பிடிப்பது இரட்டை வளையப் பூட்டு. ஆங்கில டி எழுத்தின் வடிவமுள்ள இரண்டு உலோக வளையங்கள் வாரின் ஒரு பக்கத்தில் தைக்கப்பட்டிருக்கும்; மறுபக்கத்து முனையை இரண்டின் வழியாகவும் நுழைத்து, வெளி வளையத்தின் மேலாகத் திருப்பி, உள் வளையத்துக்குள் மட்டும் விட்டு இழுக்க வேண்டும். தொண்டித் துறையில் தோணியைக் கட்டுபவர் கயிற்றை முளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு முனையை ஒரு கையால் பிடித்திருந்தாலே தோணி நின்றுவிடுவது போன்ற செயல் இதில் நிகழ்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கணித அறிஞர் ஆய்லர் விளக்கிய இவ்விதியின்படி, உராய்வுக் கெழுவை, அதாவது இரு பரப்புகள் ஒன்றையொன்று பற்றும் அளவைக் குறிக்கும் எண்ணை, 0.3 என்று கொண்டால், அரைச் சுற்றில் முனையைப் பிடிக்கும் விசையைப் போல இரண்டரை மடங்கும், முழுச் சுற்றில் ஆறரை மடங்கும், இரண்டு சுற்றில் நாற்பது மடங்குக்கு மேலும் இழுப்பைத் தாங்க முடியும். இரட்டை வளையத்தில் இதற்கு மேலாக, வாரில் விழும் இழுப்பே இரு வளையங்களையும் நெருக்கி, இடையிலுள்ள பட்டையை நசுக்கிப் பிடிக்கச் செய்கிறது. உடைவதற்கு வில்லோ பல்லோ இல்லாத இந்த எளிமையால் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் இவ்வகைக்கே முதன்மை தரப்படுகிறது. எனினும் பட்டையை இரு வளையங்களின் வழியே நுழைத்துத் திருப்பி எடுப்பது பழகாத கைக்குக் கடினம். கடைக்கும் வீட்டுக்கும் நாளொன்றுக்குப் பத்து முறை வண்டியெடுக்கும் ஒருவர் இதை ஒவ்வொரு முறையும் செய்வார் என்று எதிர்பார்ப்பதும் கடினம்.

இந்த இடைவெளியை நிரப்பவே பற்பட்டைப் பூட்டு பரவலாயிற்று. வாரின் ஒரு முனையில் வரிசையாகப் பற்கள் கொண்ட பிளாஸ்டிக் பட்டையும், மறுமுனையில் வில்லால் அழுத்தப்பட்ட சிறு நாவைக் கொண்ட கூடும் இதில் உள்ளன. ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் அமைந்திருப்பதே இதன் நுட்பம்: பட்டையை உள்ளே தள்ளும்போது நா சரிவில் ஏறி இறங்குவதால் மிகச் சிறிய விசையே போதும், வெளியே இழுக்கும்போது நா செங்குத்துச் சுவரில் முட்டி நிற்பதால் எவ்வளவு இழுத்தாலும் அது மேலெழுவதில்லை. ஒவ்வொரு பல்லைக் கடக்கும்போதும் எழும் 'டிக்' என்னும் ஓசையும் விரலில் உணரப்படும் சிறு அதிர்வும், பூட்டு விழுந்துவிட்டதைக் கண்ணின் உதவியின்றி அறிவிக்கின்றன. பற்கள் பல இருப்பதால் வாரின் நீளத்தையும் அன்றன்றைக்குத் திருத்திக்கொள்ளலாம். வியர்வைக்காகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதன்மேல் கவசம் அணியும் நாளும், அப்படி அணியாத நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், காரைக்குடி அடங்கிய, வெயில் மிகுந்த சிவகங்கை மாவட்டத்தில் இது சிறிய வசதியன்று.

பள்ளிப் பைகளிலும் மலிவான கவசங்களிலும் காணப்படும் இருபக்க அழுத்துப் பூட்டு இன்னொரு வகை. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் டூல் வொர்க்ஸ் நிறுவனம் இதைப் புகழ்பெறச் செய்தது. வளைந்து மீளும் இரண்டு பிளாஸ்டிக் கரங்கள் கூட்டுக்குள் நுழைந்து பக்கவாட்டுத் துளைகளில் விரிந்து மாட்டிக்கொள்கின்றன. பலமுறை வளைந்தாலும் சோர்வுறாமல், வழவழப்பாக நழுவும் அசிட்டால் என்னும் பிளாஸ்டிக் இதற்கு ஏற்றது. இங்கே கவனிக்கத்தக்கது கூட்டின் வாய்: அது அகன்று தொடங்கி உள்ளே குறுகினால், கை சற்றுக் கோணலாகக் கொண்டுவந்த முனையையும் சுவர்களே நேர்ப்படுத்திவிடும். ஜெர்மனியின் ஃபிட்லாக் நிறுவனம் இந்த நேர்ப்படுத்தும் வேலையைக் காந்தத்திடம் ஒப்படைத்தது. காந்தம் முனைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்த, இழுப்பைத் தாங்கும் பொறுப்பு வழக்கம்போல உறுதியான கொக்கியிடமே இருக்கிறது.

பூட்டுவது எளிதாக வேண்டும் என்பதால், திறப்பதும் அதே அளவு எளிதாக இருக்கலாம் என்று கொள்வதற்கில்லை. மகிழுந்து இருக்கை வாருக்கான ஐரோப்பிய விதி, பூட்டைத் திறக்க 60 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது என்கிறது. நியூட்டன் என்பது விசையின் அலகு, பத்து நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைக் கையில் தாங்கும் அழுத்தத்துக்கு நிகர். குழந்தை இருக்கைக்கான விதியோ 40 நியூட்டனுக்குக் குறையாமலும் 80 நியூட்டனுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று இரு புறமும் எல்லை வகுக்கிறது. குழந்தையின் விரலுக்கு அது திறக்கக் கூடாது, பதறி ஓடிவரும் பெரியவரின் விரலுக்குத் திறக்க வேண்டும். பாதி மூடிய நிலையில் நிற்கும் பூட்டையும் இவ்விதிகள் ஏற்பதில்லை. பூட்டிவிட்டது போலத் தோன்றிப் பூட்டாமல் இருப்பது, பூட்டே இல்லாததைவிட ஆபத்தானது என்பதே காரணம். தலைக்கவசத்துக்கான ஐரோப்பிய விதி, பூட்டிய வாரில் பத்துக் கிலோ எடையை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து திடீரென விழச்செய்து, வார் 35 மில்லிமீட்டருக்கு மேல் நீளாமல் இருக்கிறதா என்று சோதிக்கிறது. திறக்கும் பகுதி சிவப்பாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த நிறம் அணிபவருக்காக அன்று, விபத்துக்குப்பின் அவர் தலையருகே மண்டியிட்டிருக்கும் அந்நியருக்காக.

கை என்று பொதுவாகச் சொன்னாலும், எல்லாக் கைகளும் ஒன்றல்ல. இதைத் தமிழ்நாட்டில் மிகத் தெளிவாகக் காட்டியவை வேலூர் வட்டாரத்தின் தொழுநோய் மருத்துவ மையங்கள். கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும், 1955இல் தொடங்கிய கரிகிரி மையமும், நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போன கைகளுக்கும் உணர்விழந்த பாதங்களுக்கும் உரிய சிகிச்சையை வளர்த்தெடுத்தனர். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்க இயலாத ஒருவருக்குச் செருப்பின் முள் பூட்டு பயனற்றது. அதனால் இத்தகையோருக்கான காலணிகளில், 1955இல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் காப்புரிமை பெற்ற, நுண்ணிய கொக்கிகளும் கண்ணிகளும் கொண்ட ஒட்டுப்பட்டை இடம்பெறலாயிற்று. உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்தினாலே அது பற்றிக்கொள்ளும். ஆனால் நூலும் தூசியும் அடைத்தால் பிடிப்பு குறையும் என்பதால், உயிரைத் தாங்கும் தலைக்கவசத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. மூட்டுவாதத்தால் கட்டைவிரலின் அடி வலிக்கும் முதியோருக்கும் இதே கணக்கே பொருந்துகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்களே தங்கள் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் செட்டிநாட்டு வீடுகளில், சங்கிலியின் கொக்கியை மாட்டிவிட இன்னொரு கை இருப்பதில்லை.

வடிவம் சரியாக இருந்தாலும் உலோகம் ஏமாற்றலாம். தாடைக்கு அடியில் உள்ள பூட்டின் மேல் நாள் முழுவதும் உப்பு கலந்த வியர்வை படிகிறது; வில் துருப்பிடித்தால் நா முழுதாக இறங்காமல் பாதியில் நிற்கும். உலோக அரிமானத்தை ஆராயும் துறையில் காரைக்குடிக்குத் தனி இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். உலோக அரிமானமும் மின்முலாமும் அதன் முதன்மை ஆய்வுத் துறைகளுள் அடங்கும். கடற்காற்றில் உலோகங்களைச் சோதிக்க மண்டபத்திலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. எஃகின்மேல் பூசிய நிக்கல், கீறல் இல்லாதவரை மூடியாக நின்று காக்கிறது. ஒரு நுண்துளை விழுந்தாலும் அடியிலுள்ள எஃகு அங்கிருந்து வேகமாக அரிக்கப்படும். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு, கீறல் விழுந்த இடத்திலும் எஃகைக் காக்கிறது. பளபளப்பைக் கண்டு பூட்டின் தரத்தை எடைபோடுவது ஏன் தவறாகலாம் என்பது இதிலிருந்து புலப்படும்.

தலைக்கவசம் வாங்குபவர் கடையிலேயே சில சோதனைகளைச் செய்துகொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு, இயன்றால் ஒரே கையால், பூட்டை மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டியதை ஓசையும் விரலும் ஐயமின்றி உணர்த்துகின்றனவா என்று கவனிக்க வேண்டும். பூட்டியபின் கவசத்தின் பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளினால் அது தலையைவிட்டுக் கழலாமல் இருக்க வேண்டும். வீட்டில் அதே கவசத்தை அணியப்போகும் முதியவர் இருந்தால் அவர் கையிலும் கொடுத்துப் பார்ப்பது நல்லது. வார் உரிய இழுப்பைத் தாங்கும் என்பதை ஐ.எஸ்.ஐ. முத்திரை சொல்லிவிடும், அந்த வார் நாள்தோறும் பூட்டப்படுமா என்பதை, அதைப் பூட்ட வேண்டிய கையே சொல்ல முடியும்.