மரத்தூளில் மறைந்திருக்கும் எமன்! உறிஞ்சும் எந்திரம் வாங்குவோர் உஷார்!

சென்னையில் வீட்டு முன்பக்கத்திலும், மொட்டை மாடிக் கொட்டகையிலும் தச்சு வேலை செய்வோர் பலர். பிளைவுட்டை அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் புகையாய்க் கிளம்பும். அதே வீட்டில்தான் குழந்தைகளும் தூங்குகின்றன.

தரையில் விழுந்த தூள் பெருக்கினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலுக்குள் இறங்குகிறது. மரத்தூளால் மூக்கில் புற்றுநோய் வரும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-லேயே அறிவித்து விட்டது.

துணிப்பை ஏமாற்றும்

மலிவாகக் கிடைப்பது துணிப்பை மாட்டிய எந்திரம். இழைப்புச் சுருளை நன்றாக இழுக்கும். ஆனால் மெல்லிய துணி என்றால் நுண்தூள் அதன் வழியே மறுபடி அறைக்குள்ளேயே வரும். காசு கொடுத்துத் தூள் கிளப்பிய கதைதான்!

கை மெஷின் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஈரத்தையும் இழுக்கும் பெரிய வேக்குவம் கிளீனர் போதும். 'ஹெப்பா' வடிகட்டி மாட்ட முடியுமா என்று கேட்டு வாங்க வேண்டும். 0.3 மைக்ரான் தூளிலும் 99.97 சதவீதத்தை அது பிடித்து விடும். வடிகட்டி சீக்கிரம் அடைக்காமல் இருக்க, நடுவே 'சைக்ளோன்' மூடி போட்ட டிரம் ஒன்று வைக்கலாம். தூளில் பெரும்பகுதி சுழன்று டிரம்மிலேயே விழுந்து விடும்.

பெரிய இழைப்பு எந்திரத்துக்கு இது பத்தாது. 4 அங்குலக் குழாய் போட்ட எந்திரமே வேண்டும்.

இரும்பு அறுக்கும்போது பறக்கும் தீப்பொறியை இதே குழாயில் இழுக்க விடவே கூடாது. உள்ளே கிடக்கும் தூள் குப்பென்று பற்றிக் கொள்ளும்!