ஐஸ் ஹவுஸிலிருந்து சாரதா வித்யாலயத்துக்கு

பெண்கள் பள்ளி ஒன்றில் புதுக் கட்டடம் எழுந்தால் திறந்துவைத்தவரின் பெயர் கல்வெட்டில் ஏறும். தலைமையாசிரியை மாறினால் அவர் அறைச் சுவரில் தொங்கும் பலகையில் ஒரு பெயர் கூடும். இரண்டையும் தனித்தனிச் சங்கதிகளாகப் பார்த்தே பழகிவிட்டோம். சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி நடத்திய பள்ளிகளின் வரலாற்றைப் புரட்டினால், தலைமையும் கட்டடமும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடப்பவை என்று தெரியும்.

சுப்பலட்சுமி 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்து வழக்கப்படி தலையை மழித்து மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அப்பா சுப்ரமணிய ஐயர் அதற்கு இடம் கொடுக்கவில்லை; மகளைப் படிக்க வைத்தார். கான்வென்ட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீகளைப் போலத் தானும் சேவைக்கே வாழ்க்கையைக் கொடுப்பது என்று அந்தப் பெண் முடிவெடுத்தார். ‘சிஸ்டர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மதராஸ் மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்து விதவை அவர்.

அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்சுக்கு ஒரு தீராத கவலை. பள்ளிகளைத் திறக்கலாம், பாடம் நடத்தப் பெண்களுக்கு எங்கே போவது? படிக்கிற வயதிலேயே பெண்களுக்குக் கல்யாணம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு அக்கிரகாரத்திலும் இளம் விதவைகள் மட்டும் செய்வதற்கு வேலையும் இல்லாமல், மதிப்பும் இல்லாமல் முடங்கிக் கிடந்தார்கள். அவர்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினால் இரண்டு பிரச்சினைக்கும் வழி பிறக்கும். லிஞ்சும் சுப்பலட்சுமியும் கைகோத்தது அந்த இடத்தில்தான்.

1912-ல் எழும்பூரில், அப்பாவின் வீட்டிலேயே, நான்கு பெண்களோடு இல்லம் தொடங்கியது. கையில் வரைபடமும் கிடையாது, கட்டட நிதியும் கிடையாது. இருந்தது சமையலறையும், அதைப் பார்த்துக்கொள்ள வாலாம்பாள் சித்தியும். சித்தியும் சிறு வயதிலேயே விதவையானவர். அந்த இல்லத்தின் முதல் தலைமைப் பொறுப்பில் பாதி அவருடையது என்றே நான் சொல்வேன். பட்டம் படித்த பெண்ணை நம்பி மகளை அனுப்ப எந்த வைதிகக் குடும்பம் முன்வரும்? அடுப்படியில் ஆசாரம் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதுதான் அவர்களுக்குத் தைரியம் தந்திருக்கும். பள்ளி வரலாறுகளில் இந்தச் சித்திகளுக்குக் கல்வெட்டு வைப்பதில்லை, வைக்க வேண்டும்.

பெண்கள் கூடக் கூட வீடு போதவில்லை. இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறியது. 1917-ல் அரசு மெரினாவில் இருந்த ஐஸ் ஹவுஸை எடுத்துக்கொண்டதும் அங்கே குடியேறியது.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1842-ல் அமெரிக்க வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை இறக்கி வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு அது. வட்டமான உருவம், வெயிலும் காற்றும் புகாத சுவர். இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, ஜன்னல்களும் வட்டத் தாழ்வாரங்களும் வைத்து வீடாக மாற்றினார். 1897-ல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் தங்கியதும், சென்னையில் ராமகிருஷ்ண மடம் முதலில் இயங்கியதும் அங்கேதான். 1906-ல் ஏலம் போனது. பள்ளிக்கோ விடுதிக்கோ என்று யாரும் நினைத்துக் கட்டாத அந்த வீட்டில், மூலையில் முடங்கிக் கிடந்த பெண்கள் புத்தகத்தோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். சாலையைத் தாண்டினால் கடற்கரை. வீட்டு வாசலுக்கே வரக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு எதிரே கடல் இருப்பது சின்ன விஷயமா?

குறையையும் சொல்லியாக வேண்டும். இல்லம் பிராமண விதவைகளுக்காகத்தான் இருந்தது. மற்றச் சாதிகளில் அதே துயரத்தில் இருந்த பெண்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. ஊரின் எதிர்ப்பைச் சமாளிக்க அன்று அதுதான் வழி என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுச் சமாதானமாகப் படவில்லை. ஆனால் சுப்பலட்சுமி அதோடு நிற்கவில்லை. ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்தில் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார். 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைமை அவர்தான். அங்கே எல்லாச் சாதி, மதப் பெண்களும் பயிற்சி பெற்றார்கள். கூடவே இருந்த பயிற்சிப் பள்ளியில், அன்று படித்ததை மறுநாளே வகுப்பில் நடத்திப் பார்க்க முடிந்தது.

ஐஸ் ஹவுஸ் இல்லத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வயது வந்த விதவைகளைச் சேர்க்க விதி இடம் தரவில்லை. இருபதைத் தாண்டியவள் படிக்க ஆசைப்பட்டால் என்ன செய்வாள்? 1912-லேயே தொடங்கியிருந்த சாரதா மாதர் சங்கத்தின் சார்பில், அவர்களுக்காகவே விடுதியோடு சாரதா வித்யாலயத்தை 1920-களில் ஆரம்பித்தார். யார் வெளியே நிற்கிறார்கள் என்று முதலில் பார்ப்பது, பிறகு அவர்களுக்கென்று ஓர் இடம் தேடுவது: அவர் நடத்திய எல்லா நிறுவனங்களும் இந்த வரிசையில்தான் வந்தன.

1938-ல் சாரதா வித்யாலயத்தை ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். என் கணக்கில் அவர் செய்த காரியங்களிலேயே பெரியது இது. தொடங்கியவரே கடைசிவரை நிர்வாகியாக இருந்து, அவருக்குப் பிறகு வாரிசுச் சண்டையில் நலிந்த பள்ளிகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. இவருக்கு அப்போது 52 வயதுதான். திடமாக இருக்கும்போதே, நடத்தத் தெம்புள்ள ஓர் அமைப்பைப் பார்த்துப் பொறுப்பைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் சும்மா இருக்கவில்லை. 1942-ல் வயது வந்த பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம், பிறகு தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கத்தில் சமூகநலப் பணி, 1956-ல் மயிலாப்பூர் மாதர் சங்கத்தின் வழியே வித்யா மந்திர் என்று வேலை நீண்டது. 1958-ல் பத்மஸ்ரீ, 1969 டிசம்பரில் மறைவு.

ஐஸ் ஹவுஸ் 1963-ல் விவேகானந்தர் இல்லமாகப் பெயர் மாறி, 1997-ல் குத்தகையாக ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்குப் போனது. இன்று அங்கே கண்காட்சி பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது விதவைப் பெண்கள் படித்த வீடு என்று தெரியும்?

சுப்பலட்சுமியின் கதையில், பெண்களின் தேவை அறிந்த தலைமைதான் இடத்தைத் தேடிக்கொண்டது. இன்றைக்கு நம் அரசுப் பெண்கள் பள்ளிகளில் புது வகுப்பறைகளும் கழிப்பறைகளும் வருகின்றன, நல்லது. ஆனால் திட்டம் போடும் மேசையில் தலைமையாசிரியைக்கு நாற்காலி இருக்கிறதா? மாதவிடாய் நாளில் பிள்ளைகள் எங்கே போவார்கள், சாயங்காலச் சிறப்பு வகுப்பு முடிந்து எந்த வாசல் வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பார்கள் என்பதெல்லாம் பொறியாளருக்குத் தெரியாது, தலைமையாசிரியைக்குத் தெரியும். அவர் பணியிடம் காலியாகக் கிடந்து, ‘பொறுப்பு’ போட்டு ஓட்டும் பள்ளியில் கட்டட வேலை நடந்தால், கேட்க ஆளில்லாமல் ஒப்பந்தக்காரர் வைத்ததே சட்டமாகிவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பள்ளியில் புதுக் கட்டடம் என்று சொன்னால், வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தலைமையாசிரியையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். தலைமையாசிரியை இடம் காலியாக இருந்தால், அதை நிரப்பச் சொல்லி முதலில் தீர்மானம் போடுங்கள்.