கம்பியில் கரையும் மின்சாரம்

மின்மாற்றியிலிருந்து வெகு தொலைவிலுள்ள கடைசிக் கம்பத்து வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மேல் விளக்குகள் மங்குவது நம் கிராமங்களில் பழகிப்போன காட்சி. மின்சாரம் போதவில்லை என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். ஆனால் அனுப்பப்படும் மின்திறனில் ஒரு பகுதி வீடு வந்து சேராமலே வழியில் வெப்பமாகி விடுகிறது. அது எவ்வளவு என்பதை இரு அளவீடுகளைக் கொண்டே கணக்கிட்டு விடலாம்.

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827 இல் வெளியிட்ட விதியின்படி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது மின்திறன். 230 வோல்ட்டில் 1,000 வாட் எனக் குறிக்கப்பட்ட மின் அடுப்பு 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். அதே அடுப்புக்கு 200 வோல்ட் மட்டுமே கிடைத்தால், மின்னோட்டம் 3.8 ஆம்பியராகக் குறைந்து, திறன் 756 வாட்டாக இறங்கிவிடும். அழுத்தம் 13 சதவீதம் குறைய, திறன் 24 சதவீதம் குறைகிறது. (இழை விளக்குக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. இழை சூடேறும்போது அதன் தடையும் உயரும். அணைந்திருக்கும் விளக்கின் தடை, எரியும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு.)

இனி, கம்பியைக் கவனிப்போம். மின்மாற்றியருகே 230 வோல்ட், கடைக்கோடியில் 200 வோல்ட், கம்பியில் ஓடுவது 20 ஆம்பியர் என்று கொள்வோம். சுமை முழுவதும் கடைக்கோடியிலேயே இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இடையில் இழக்கப்பட்ட 30 வோல்ட்டை 20 ஆல் வகுத்தால், போக்கும் வரவுமான கம்பிகளின் தடை 1.5 ஓம். அனுப்பிய 4,600 வாட்டில் 600 வாட் வழியிலேயே வீணாகிறது. நாள்தோறும் நான்கு மணி நேரம் இந்நிலை நீடித்தால், 30 நாளில் 72 யூனிட் போய்விடும். எந்த நுகர்வோரின் மீட்டரிலும் இது பதிவாவதில்லை. தாழ்வழுத்த இணைப்புகளில் அழுத்த வேறுபாடு 6 சதவீதத்தை மிஞ்சலாகாது என 1956 ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வரையறுத்திருந்தன. இங்கோ அது இரு மடங்குக்கும் மேல்.

உழவருக்கு இதனால் நேரும் தீங்கு இன்னும் பெரிது. பம்ப்செட்டின் மோட்டார் அடுப்பைப் போல் அடங்கிப்போவதில்லை. நீரை இறைக்கும் சுமை மாறாதிருக்க, அழுத்தம் குறையும்போது அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. சுருளில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே 20 சதவீதம் கூடுதலாக ஓடினால் வெப்பம் 44 சதவீதம் உயரும். மோட்டார் எரிந்து, மறுசுற்றுக் கட்டுவதற்குள் பயிர் வாடிவிடுகிறது.

பரிகாரமும் அதே கணக்கிலேயே உள்ளது. கம்பியின் குறுக்குப் பரப்பை இரட்டித்தால், அதே 20 ஆம்பியருக்கு இழப்பு 300 வாட்டாகப் பாதியாகும். மின்னோட்டத்தையே பாதியாக்கினால் நான்கில் ஒரு பங்காகும். அதே 4,600 வாட்டை 11,000 வோல்ட்டில் கொண்டு சென்றால், ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. அதே கம்பியில் இழப்பு அரை வாட்டைக்கூட எட்டாது. உயரழுத்தக் கம்பியை வயல்வரை நீட்டி, சில பம்ப்செட்டுகளுக்கு ஒரு சிறு மின்மாற்றி வீதம் நிறுவும் முறை பல மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்டதற்குக் காரணம் இதுவே.

இவற்றுள் எது ஏற்றது என்பதை முடிவு செய்யுமுன், மாலைச் சுமை உச்சத்தில் இருக்கும் வேளையில் கம்பியின் இரு முனைகளிலும் அழுத்தத்தையும், டாங் டெஸ்டர் கொண்டு மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்தாக வேண்டும். நண்பகலில் சுமையற்ற கம்பியில் எடுக்கும் அளவு, குறையே இல்லை என்றுதான் காட்டும்.