பூட்டு மட்டும் போதுமா?

கோடை விடுமுறைக்குப் புறப்படுகையில் பூட்டை மும்முறை இழுத்துப் பார்த்து நிம்மதியடைகிறோம். திருடனோ பூட்டையா முதலில் பார்க்கிறான்? கோலமில்லாத வாசலையும், குவிந்து கிடக்கும் பத்திரிகைகளையும், பகலிலும் எரியும் விளக்கையும் அன்றோ பார்க்கிறான்!

முற்காலத்தில் அரியலூர், உடையார்பாளையம் போன்ற பாளையங்கள் இருந்த நாளில், குடிகளிடம் காவற் கூலி பெற்றவர் களவுபோன பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் ஈடு கொடுக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு வழக்கம். இன்றைய இரும்புப் பூட்டு எவருக்கும் ஈடு கொடுப்பதில்லை.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் கட்டிய வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன. அத்தகையோர் செய்யவேண்டுவன சில: நகைகளைப் பாங்கியில் வையுங்கள். பத்திரிகையையும் பாலையும் நிறுத்துங்கள். போலீஸ் நிலையத்தில் தெரிவியுங்கள். ரோந்து வரும் காவலர் உங்கள் வீட்டையும் கவனிப்பர். பிரயாணப் படங்களை ஊர் திரும்பிய பின்னரே இணையத்தில் வெளியிடுங்கள்.

அனைத்தினும் மேலானது அண்டை வீட்டாரின் அன்பு. குப்பைத் தகராறினால் எங்களுடன் ஆறு மாதம் பேசாதிருந்த எதிர்வீட்டு அம்மாள், சென்ற கோடையில் நாங்கள் இல்லாதபோது நாள்தோறும் எங்கள் வாசலிலும் கோலமிட்டாராம். ஓரிரவு எங்கள் கதவருகே அரவங்கேட்டு அவர் கூச்சலிட்டதில் வந்தவன் ஓடிவிட்டான். பூட்டில் கீறல் மட்டும் இருந்தது. என் நெஞ்சில் பதிந்த கீறலோ இன்னும் ஆழமானது.