தச்சர் ஹோபனும் புதுநாடும்

கைத்தொழிலாளன் ஒருவன் அறியாத நாட்டிற் குடிபுகுங்கால் அவனுக்குத் துணையாவது யாது? ஜேம்ஸ் ஹோபன் என்னும் அயர்லாந்துத் தச்சரின் வரலாற்றை நோக்குவோமாக.

கில்கென்னிப் பகுதியில் வண்டிச் சக்கரஞ் செய்தும் மரவேலை புரிந்தும் வந்த அவர், டப்ளின் நகரத்துச் சித்திரப் பள்ளியிற் கட்டட வரைவு பயின்று 1780-இல் பதக்கம் பெற்றார். 1785-இல் அவரை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் காண்கின்றோம். விடுதலைப் போர் முடிந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. புதிதாய் வந்தவன் திறத்தை ஊரார் அறிவதெங்ஙனம்? நவீன முறையில் தச்சுவேலை செய்ய வல்லவர் ஒருவர் உளரெனத் தம் பெயரால் பத்திரிகையில் விளம்பரஞ் செய்தார் ஹோபன். பின்னர்த் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரஞ் சென்று கட்டடத் தொழிலை நடத்தினார். அங்கு 1790-இல் இளைஞர்க்கு வரைவு கற்பிக்க மாலைப் பள்ளியொன்றையும் விளம்பரப்படுத்தினார். 1792-இல் அதிபர் மாளிகைக்கான வரைபடப் போட்டியில் வென்றார். அவ்வரைபடம் டப்ளினிலுள்ள லென்ஸ்டர் மாளிகையை ஒத்திருந்தது. தாய்நாட்டிற் கண்டதும் கற்றதுமே புதுநாட்டில் அவர்க்கு முதலாயின என்பது தெளிவு.

ஆயினும் இவ்வரலாற்றிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. இன்று வெள்ளை மாளிகை எனப்படும் அக்கட்டடத்தை எழுப்பியவருள் அடிமைகளும் இருந்தனர். ஹோபனுக்கு உரியராயிருந்த அடிமைத் தச்சரும் அங்கு உழைத்தனர். அவர்தம் உழைப்பிற்குரிய கூலியோ உடையவரையே சேர்ந்தது. உளியும் வாய்ச்சியும் இருதிறத்தார்க்கும் ஒன்றே. ஒருவரை அவை உயர்த்தின, மற்றையோரை உயர்த்தவில்லை. தொழிற்றிறன் ஒருவனை மேம்படுத்துவது அவன் கை அவனுக்கே உரியதாயிருக்கும்போதுதான் என்பதை நாம் மறத்தலாகாது.