குயில்குன்றிலிருந்து வந்த இனிஷியல்

தேனிப் புதிய பேருந்து நிலையத்துக்கு, பெரியாற்று அணை கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக் பெயர். அங்கே பஸ் ஏறி, கம்பம், கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் அவருடைய மணிமண்டபத்தில் இறங்குவதற்குள் டீக்கடைப் பலகையிலும் பொங்கல் ஃபிளக்ஸிலும் அதே பெயர் பென்னிகுவிக், பென்னிகுக், பென்னி குக் என்று வேஷம் மாற்றிக்கொண்டே வரும். எது சரி?

ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தால் 'பென்னிகுயிக்'தான். ஆனால் இந்தக் குடும்பப்பெயர் பிறந்த ஊர் ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சொல்வது 'பென்னிகுக்'. நாம் எழுத்துப்பிழை என்று சிரிக்கும் ஃபிளக்ஸ்காரர்தான் ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்! அங்கே வழங்கிய பழைய மொழியில் அதற்குக் 'குயிலின் குன்று' என்று பொருள் சொல்கிறார்கள். நம்முடைய 'குயிக்'குக்குள் குயில் எட்டிப் பார்ப்பது தற்செயல்தான்; ஆனாலும் விட மனசு வரவில்லை.

எழுத்து ஒரு பக்கம், வாசிப்பு ஒரு பக்கம் என்று பெயர்கள் பிரிந்து போவதில் ஜப்பானியரை யாரும் மிஞ்ச முடியாது. சீனாவிலிருந்து அவர்கள் வாங்கிய கஞ்சி எழுத்துகள் பொருளைக் காட்டுபவை. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் சீன வழியில் ஓர் ஒலி, ஜப்பானிய வழியில் வேறோர் ஒலி. போதாததற்கு, ஆட்பெயரில் மட்டும் வரும் வாசிப்புகளும் உண்டு. அவற்றை 'நனோரி' என்கிறார்கள்.

ஒரு குடும்பப்பெயரில் மூன்று எழுத்துகள்: சிறிய, பறவை, விளையாட்டு. வாசிப்பதோ 'தகாநாஷி'. அந்த ஒலிக்கு 'வல்லூறு இல்லை' என்று பொருள். வல்லூறு இல்லாத இடத்தில்தானே சிட்டுகள் விளையாடும்? எழுத்து விடுகதை போடுகிறது, வாசிப்பு விடையைச் சொல்கிறது. இன்னொரு பெயரில் 'நான்காம் மாதம் முதல் நாள்' என்று எழுதி 'வதநுகி' என்று வாசிப்பார்கள். 'பஞ்சை எடுத்தல்' என்று அர்த்தம். குளிர் போனதும் அந்த நாளில்தான் பஞ்சு வைத்துத் தைத்த உடையிலிருந்து பஞ்சைப் பிரித்தெடுப்பார்களாம்.

எழுத்தும் ஒலியும் இப்படிப் பிரிவது கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு முழுக்கப் புதிதல்ல. போடியிலும் பெரியகுளத்திலும் முதலெழுத்து ஒரே 'ப'தான். ஆனால் போடியைச் சொல்லத் தொடங்கும்போதே தொண்டையும் சேர்ந்து அதிர்கிறது. எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லித் தந்ததில்லை. ஊர்க்காரர் சொல்லக் கேட்டுப் பழகியதுதான்.

ஜப்பானில் எல்லோரும் குடும்பப்பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது 1875-ல். ஆனால் அரசின் குடும்பப் பதிவேட்டில் எழுத்து மட்டும்தான் இருந்தது, ஒலிக்கு இடமில்லை. 2025 மே 26 முதல்தான் பெயரை எப்படி வாசிப்பது என்பதையும் பதிகிறார்கள். இடையில் நூற்றைம்பது வருஷம், "உங்கள் பெயரை எப்படி வாசிப்பது?" என்று கேட்டே காலம் தள்ளியிருக்கிறார்கள். அங்கே அது மரியாதைக் குறைவான கேள்வியும் இல்லை.

நமக்கோ குடும்பப்பெயர் வழக்கமே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. அதனால்தான் குயில்குன்றின் பெயர் இங்கே வேறு வழியில் போனது. பெரியாற்றுத் தண்ணீரை 1895-ல் மலையைக் குடைந்து பென்னிகுயிக் இந்தப் பக்கம் திருப்பிய நன்றிக்கு, ஸ்காட்லாந்தின் குடும்பப்பெயரையே பிள்ளைக்குப் பெயராக வைத்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அந்தப் பிள்ளை வளர்ந்து தகப்பனானால், அவன் குழந்தையின் பள்ளிக்கூடப் பதிவேட்டில் அது 'பெ.' என்று இனிஷியலாக ஏறும்.